பெல்வா டீச்சரின் சம்பளக் கணக்கு

பின்னாளில் அமெரிக்காவில் வக்கீலாகப் பெயரெடுத்த பெல்வா லாக்வுட், 14 வயதிலேயே டீச்சர் ஆகிவிட்டார். 1840-களின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கிராமப் பள்ளி. அந்தக் காலத்தில் ஒரே வேலைக்கு ஆணுக்குக் கொடுப்பதில் பாதியோ அதற்கும் குறைவோதான் பெண்ணுக்குக் கிடைக்கும். இது அநியாயம் என்று மெதடிஸ்ட் பாதிரியாரின் மனைவியிடம் போய் முறையிட்டார். "என்னால் ஒன்றும் செய்ய முடியாது, உன்னாலும் முடியாது. உலக வழக்கம் அப்படி" என்று பதில் வந்தது.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலை பார்த்த ஒரு தனியார் பள்ளியில், என்னைப் போலவே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த சாருக்குச் சம்பளம் என்னைவிட அதிகம். கேட்டதற்கு, "அவர் குடும்பஸ்தர் டீச்சர், உங்களுக்குத்தான் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே" என்றார்கள். திருத்த வேண்டிய நோட்டுகள் மேசை நிறைய இருந்தன. பேச்சு அத்தோடு சரி.

பெல்வாவுக்குச் சம்பாதித்துப் போட வீட்டுக்காரரும் இல்லை. 22 வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் பெண்குழந்தை. அப்புறம்தான் கல்லூரிக்குப் போய் 1857இல் பட்டம் வாங்கினார். லாக்போர்ட் பள்ளியில் தலைமைப் பொறுப்பு கிடைத்ததும் மாணவிகளையும் மேடையேறிப் பேச வைத்தார், உடற்பயிற்சி செய்ய வைத்தார். 1866இல் வாஷிங்டன் வந்து அங்கேயும் ஒரு பள்ளி நடத்தினார்.

சட்டம் படித்து முடித்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெண்களோடு சேர்ந்து பட்டம் வாங்க மாட்டோம் என்று உடன் படித்த ஆண்கள் மறுக்க, கல்லூரி அவருக்குப் பட்டம் தரவில்லை. அந்தக் கல்லூரிக்குப் பெயரளவில் தலைவர், நாட்டின் அதிபர் கிராண்ட். 1873 செப்டம்பரில் பெல்வா அவருக்கே எழுதினார்: நீங்கள் தலைவர் என்றால் என் பட்டத்தைக் கொடுங்கள்; இல்லையென்றால் உங்கள் பெயரைக் கல்லூரித் தாள்களிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹோம்வொர்க் எழுதினாயா இல்லையா, ஒன்றைச் சொல் என்று பையனை நிறுத்திவைத்துக் கேட்கும் அதே குரல்! கொஞ்ச நாளில் பட்டம் வந்துவிட்டது.

1876இல் உச்ச நீதிமன்றம் அவரை வழக்கறிஞராக ஏற்க மறுத்தது. நாடாளுமன்றத்தில் விடாமல் ஆதரவு திரட்டிச் சட்டத்தையே மாற்ற வைத்து, 1879இல் அங்கே அனுமதி பெற்ற முதல் பெண் ஆனார். 1884இலும் 1888இலும் அதிபர் தேர்தலில் நின்றார். நான் ஓட்டுப் போட முடியாது, ஆனால் எனக்கு ஓட்டுப் போடலாமே என்பது அவருடைய வாதம். முதல் தேர்தலில் 4,000க்கு மேல் ஓட்டு விழுந்தது.

அதிபர் வேட்பாளர் என்றுதான் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது 1872இல் வந்த ஒரு சின்னச் சட்டம். அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகரான சம்பளம் வேண்டும் என்று டென்னசி மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் ஆர்னெல் கொண்டுவந்த மசோதா அது. அதற்குப் பின்னால் இருந்தவர் பெல்வா. பெண்கள் உரிமைக் கூட்டங்களுக்குப் போய் மனுவில் கையெழுத்து வாங்கினார். மசோதா நிறையவே நீர்த்துப்போய்த்தான் நிறைவேறியது. அப்போது அவர் வக்கீல்கூட ஆகியிருக்கவில்லை.