இருபத்தோராவது எழுத்து

திருப்பூர் டவுன் பஸ்ஸில் 2021-இலிருந்து எனக்கு ஒரு புதுச் சங்கடம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும், கண்டக்டர் என் கிராப்பையும் சட்டையையும் பார்த்து ஒரு நொடி தயங்குவார். "டிக்கெட்டுங்களா?" என்பார். நான் காசை எடுத்து நீட்டிவிடுவேன், பேச்சு முடிந்தது. விமானம் ஏறும் இடத்தில் அப்படித் தப்பிக்க முடியாது.

நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பாஸ்போர்ட்டில் எஃப். பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை, பையரைப் பார்க்க ஜெர்மனி போனேன். வழியில் ஒரு விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனையில், ஆண்கள் வரிசையில் இருந்தவர் போர்டிங் பாஸைப் பார்த்துவிட்டு லேடீஸ் பக்கம் கைகாட்டினார். அங்கே திரைக்குள் இருந்த பெண் காவலர் என்னைப் பார்த்ததும் டிடெக்டரைத் தாழ்த்தி, "சார், அந்தப் பக்கம்" என்றார். ஷூ டிரேயில் போய்விட்டது, பெல்ட்டும் போய்விட்டது, பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாக்ஸோடு இரண்டு முறை குறுக்கே நடந்தேன். கடைசியில் பாஸ்போர்ட்டைத் திறந்து காட்ட, "சாரி மேடம்." சார், மேடம், அந்த இரண்டு சொல்லில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கும், எழுத்தும் எண்ணும் அம்புக்குறியுமாக. இரண்டாவது வரியில் இருபத்தோராவது இடம்தான் பாலினம். இந்த அமைப்பை வகுத்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அந்த இடத்தில் எம், எஃப் தவிர, குறிப்பிடாமல் விடுவதற்கு ஓர் அம்புக்குறியையும் அனுமதிக்கிறது. மேலே கண்ணால் படிக்கும் பகுதியில் அதற்கு எக்ஸ். ஆக, இயந்திரத்துக்குத் தடை இல்லை, நாடுகள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியா 2003-இலேயே ஒருவருக்கு எக்ஸ் கொடுத்துவிட்டது. ஜெர்மனியில் 2024 நவம்பர் 1 முதல் பதிவு அலுவலகத்தில் நம் பாலினத்தை நாமே சொன்னால் போதும், மருத்துவர் சான்று வேண்டாம். அமெரிக்காவில் 2022 ஏப்ரலில் எல்லோருக்கும் திறந்த கதவை 2025 ஜனவரியில் சாத்திவிட்டார்கள், நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதற்குத் தடை போடவில்லை. கொடுத்ததை இவ்வளவு சீக்கிரம் பறிக்க முடிகிறது என்பதுதான் எனக்குப் பயம்.

நம் விண்ணப்பத்தில் ஆண், பெண் தவிர டிரான்ஸ்ஜென்டர் என்றும் இருக்கிறது. திருநங்கை அக்காக்கள் அடிபட்டு வாங்கிய உரிமை அது, மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத்தின் 2014 ஏப்ரல் 15 தீர்ப்புக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது! அதில் ஒரு எழுத்தைக்கூட நான் குறைத்துப் பேச மாட்டேன். திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டம் திருநர் என்பதற்குள் என்னைப் போன்றவர்களையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது, கலெக்டரிடம் சான்றிதழ் வாங்க மருத்துவப் பரிசோதனை கேட்கக்கூடாது என்று 2020 விதிகளும் சொல்லின. ஆனால் டிரான்ஸ்ஜென்டருக்கான டி என்பது நான் யார் என்று இமிகிரேஷனில் உரக்கச் சொல்லும் எழுத்து. எனக்கு வேண்டியது எதுவும் சொல்லாத எழுத்து.

அம்மாவிடம் சொன்னேன். "எதுக்கு சாமி வம்பு? போற எடத்துல புடிச்சு வெச்சுக்கிட்டாங்கன்னா நாங்க என்னன்னு வந்து கேக்கறது?" என்றார். அம்மா பயப்படுவதில் தப்பில்லை. எக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சில நாடுகளில் சிக்கல் வரலாம் என்று ஆஸ்திரேலிய அரசே தன் மக்களை எச்சரிக்கிறது. வேலைக்கு எந்த நாட்டுக்குப் போகச் சொல்வார்கள் என்று நமக்கா தெரியும்?

சட்டம் மாறும்வரை ஒன்று செய்யலாம், அதற்குப் பைசா செலவில்லை. சோதனைக் காவலர்களே, நான் திரைக்கு முன்னால் நிற்கும்போது, "உங்களை யார் சோதிக்கணும்?" என்று கேளுங்கள். போட்டோ இருக்கிறது, கைரேகை இருக்கிறது, நான் நான்தான் என்று நிரூபிக்க அந்த ஓர் எழுத்தையா நம்பி இருக்கிறீர்கள்?

அடுத்த வருடம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். நேற்று ராத்திரி விண்ணப்பத்தைத் திறந்து, பாலினம் வரைக்கும் நிரப்பிச் சேமித்து வைத்திருக்கிறேன்.