சும்மா இருக்கிற கால்

புதியவர்களுக்கு ஒரு நாட்டுப்புற ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அடிகளை எண்ணிப் பார்த்தே எளிது, கடினம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கைகோத்து வட்டமாக ஆடும் இஸ்ரேலிய ஹோராவை எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கால் பக்கவாட்டில், வலக்கால் அதன் பின்னே, மறுபடி இடக்கால், வலக்கால் வீச்சு, வலக்கால் ஊன்றல், இடக்கால் வீச்சு. மொத்தம் 6 எண்ணிக்கை. இரண்டு நிமிடத்தில் மனப்பாடம் ஆகிவிடும். பாட்டைப் போட்டதும் வட்டம் குலையும்.

பாட்டு எட்டெட்டாகத் திரும்புகிறது, ஆட்டம் ஆறாறாகத் திரும்புகிறது. பாட்டின் திருப்பம் காதில் விழுந்ததும் கால் தானாக முதல் அடிக்குப் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், நல்ல இசைக்காது உள்ளவர்கள்தான் இதில் முதலில் தவறுவார்கள். ஆட்டத்தின் 4 சுற்றும் பாட்டின் 3 எட்டும் 24-இல் சேர்ந்துகொள்ளும் என்று முன்பே சொல்லி, வெறும் கைத்தட்டலுக்கு 4 சுற்று ஆடவைத்த பிறகே பாட்டைப் போட வேண்டும். முதல் நாளே இந்தப் பாடம் வேண்டாம் என்றால் பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் ஆடும் ஆன் த்ரோ நல்லது. சுண்டுவிரல்களைக் கோத்துக்கொண்டு இடப்பக்கம் மூன்று அடி, நின்ற இடத்தில் மூன்று அடி. ஒவ்வொரு மூன்றாம் அடியும் இரண்டு எண்ணிக்கை நீள்வதால் மொத்தம் 8; பாட்டும் ஆட்டமும் ஒன்றாகத் திரும்பும். கும்மியும் அப்படித்தான், தட்டே தாளத்தைப் பிடித்து வைத்துவிடுகிறது.

எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் கால் கணக்கு. ஓர் அடி வைத்ததும் ஒரு காலில் உடல் எடை நிற்கும், மற்றது சும்மா இருக்கும். அடுத்த அடியை அந்தச் சும்மா இருக்கும் காலால்தான் வைக்க முடியும். “வலப்பக்கம் மூன்று அடி, நான்காவதில் இடக்காலால் தொடு, பிறகு அதே இடக்காலால் இடப்பக்கம் கிளம்பு” என்பது எத்தனையோ ஆட்டங்களில் வருகிறது. பாதிப்பேர் தொடும்போதே எடையையும் போட்டுவிடுவார்கள். பிறகு இடப்பக்கம் கிளம்ப இடக்கால் கிடைக்காது. ஒரு தடுமாற்றம், ஒரு தாவல், பக்கத்தில் இருப்பவர் மீது ஓர் இடி. “எடை போடாதீர்கள்” என்று பத்துமுறை சொல்வதில் பயனில்லை. தொடுவதை எடுத்துவிட்டு முழங்காலைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய காலில் எடை போட யாராலும் முடியாது.

ஆட்டத்தை எளிமையாக்கும்போதும் இதே கணக்குதான். விரைவு‑விரைவு‑மெது என்று வல, இட, வல வைக்கும் மூன்றடித் துண்டு சிலருக்கு வேகமாக இருக்கும். அதற்குப் பதில் சாதாரணமாக இரண்டு நடை நடக்கவிடலாம் என்று தோன்றும். மூன்றடிக்குப் பின் இடக்கால் சும்மா இருக்கும்; இரண்டு நடைக்குப் பின் வலக்கால் சும்மா இருக்கும். இப்படி மாற்றிய துண்டுகள் இரட்டைப்படையாக வந்தால் கணக்கு சரியாகிவிடும், ஒற்றைப்படையாக வந்தால் அதற்கடுத்த பகுதி முழுதும் தப்புக்காலில் ஓடும். ஓர் அடி வைத்து நிற்பது பாதுகாப்பு: கணக்கு மாறாது. குதிப்பு வரும் இடத்தில் நின்ற காலின் குதிகாலை உயர்த்தி இறக்கினால் போதும். தாளமும் மிஞ்சும், மூட்டும் பிழைக்கும். ஒற்றைக்காலில் சுழல்வதை ரப்பர் அடிச் செருப்புக்காரர்களுக்கு அடியோடு நீக்குவது மேல். பாதம் தரையைப் பிடித்துக்கொள்ள, முழங்கால் மட்டும் திரும்பும்.

புதியவர்கள் என்பதற்காகப் பாட்டை மிக மெதுவாக ஓடவிடுவதும் தவறு. நடையாட்டத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தட்டு சுகமாக இருக்கும். துள்ளல் உள்ளதைப் பாதி வேகத்தில் பழக்கினால் இன்னும் கடினமாகிறது, ஒற்றைக்காலில் நிற்கும் நேரம் நீள்கிறதே! பூமியின் ஈர்ப்பு நமக்காக மெதுவாவதில்லை.

பயமுறுத்தும் தாளங்கள் பல, நம் வாயில் வந்தால் அடங்கிவிடும். கலாமத்தியானோஸ் என்ற கிரேக்க ஆட்டத்துக்கு ஏழு தட்டுத் தாளம், 3+2+2. “தகிட தக திமி” என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி வைத்தால் முதல் அடி நீளம், மற்ற இரண்டும் குட்டை என்பது எண்ணாமலே காலுக்குப் புரிகிறது. இதில் ஏழு என்ற சொல்லையே உச்சரிக்காமல் இருப்பது நல்லது.

இடம் பற்றிச் சுருக்கமாக: கையைத் தொங்கவிட்டுப் பிடித்தால் ஒருவருக்குச் சுமார் 80 செ.மீ. தேவை. 20 பேர் என்றால் வட்டத்தின் சுற்றளவு 16 மீட்டர், குறுக்களவு ஏறக்குறைய 5 மீட்டர். அறை போதாவிட்டால் உள்வட்டம், வெளிவட்டம் என்று பிரிக்கலாம். வட்டத்தை நெருக்கினால் பின்னே வைக்கும் கால் அடுத்தவர் பாதத்தின் மேல் விழும்.

சொல்லிக்கொடுப்பவர் நடுவில் நின்று ஆடிக்காட்டக் கூடாது. முகத்தைப் பார்ப்பவர்களுக்கு வலம் இடமாகிவிடும். வட்டத்திலேயே ஒருவராகக் கைகோத்து நிற்க வேண்டும். சிக்கலான துண்டு வந்தால் எல்லோரையும் தனக்குப் பின்னால் வரச்சொல்லி முதுகு காட்டி ஆட வேண்டும். மூன்று நிமிட ஆட்டத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் விளக்கம் தேவைப்பட்டால் அது அன்றைக்கான ஆட்டம் அல்ல. ஜோடி ஆட்டங்களை இரண்டாம், மூன்றாம் வகுப்புக்குத் தள்ளுங்கள். ஒற்றைப்படையில் ஆள் வந்தால் ஒருவர் சுவரோரம் நிற்க வேண்டியிருக்கும். மூவர் மூவராக ஆடும் ரஷ்யத் த்ரோய்காவில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் நால்வராகவோ இருவராகவோ நிற்கவைத்து ஓரளவு சமாளிக்கலாம்.

எதை நீக்கினோம் என்பதைக் குழுவிடம் சொல்லிவிடுவது முக்கியம். “இங்கே ஒரு குதிப்பு உண்டு, நாம் குதிகாலை உயர்த்துகிறோம்” என்ற ஒரு வரி போதும். கால் கணக்கு மாறாமல் இருந்தால், நாளை முழு வடிவம் ஆடும் வட்டத்துக்குள் நுழைபவர் அந்த ஓர் இடத்தை மட்டும் புதிதாகப் பழகிக்கொள்வார்.