நேரத்தை எக்ஸ் என்க

ஞாயிற்றுக்கிழமை இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டு போன நேரம் பார்த்து, பாப்பா தட்டுக்குப் பக்கத்தில் கணக்கு நோட்டை விரித்துவிட்டாள். எட்டாம் வகுப்பு, நேரியல் சமன்பாடு. ஏதோ ரயில் ஏதோ ரயிலைத் துரத்துகிறது. எதற்கு ஊர் பேர் தெரியாத ரயில், நம்ம ஊரிலேயே ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காடு பஸ் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புது. அரை மணி கழிச்சு உங்க மாமா பைக்கில் 30 கிலோமீட்டர் வேகத்தில் துரத்துறார். பஸ் ஓடிய நேரத்தை எக்ஸ் என்க."

"எங்க?" என்றார் மாமியார், சமையலறையிலிருந்து.

"எங்க இல்ல அத்தை, என்க. அப்படின்னு வெச்சுக்கறது."

"அதை அப்படியே சொல்றதுக்கு என்னங்க மாப்ள?"

பைக் ஓடிய நேரம் அரை மணி குறைவு, இருவரும் போன தூரம் ஒன்று. 20எக்ஸ் = 30(எக்ஸ் − ½). பிரித்தால் 10எக்ஸ் = 15, ஆக ஒன்றரை மணி நேரம், 30 கிலோமீட்டர். மச்சான் சரியாக ஏற்காடு ஏரிக்கிட்டே போய்ப் பிடிப்பான்! அப்படி வருகிற மாதிரி எண்களைப் பொறுக்கிப் போட்டது நான். ஒரு ஆள் பாராட்டவில்லை.

"அஸ்தம்பட்டி சிக்னலைச் சேர்த்தீங்களா?"

"சீரான வேகம் அத்தை. எங்கேயும் நிக்காது."

"கோரிமேட்டுல ஆள் ஏத்தாம போவானா? 20 கொண்டை ஊசி வளைவுலயும் ஒரே வேகம்னா அந்த பஸ்ல நான் ஏறவே மாட்டேன்." அங்கிருந்து பேச்சு, போன வருஷம் பதினோராவது வளைவில் அவருக்கு வாந்தி வந்ததற்கும், எலுமிச்சம்பழம் வாங்க மறந்தது யார் என்பதற்கும் போய்விட்டது. நான்தான் மறந்தேன். அதற்காக எட்டாம் வகுப்புக் கணக்கிலா பிடிப்பது?

பேச்சை மாற்றலாம் என்று பார்த்தால் பாப்பா அடுத்ததைக் கேட்டாள். ஏறும்போது 20, இறங்கும்போது 30, சராசரி வேகம் எவ்வளவு? "25" என்றேன், வாயில் இட்லியோடு.

"24ப்பா."

"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுடி."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிரக்கூட இல்லை. "ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி. 60 கிலோமீட்டருக்கு ரெண்டரை மணி. 24தான். மெதுவாப் போறப்பதான நேரம் அதிகம் ஆகுது, சராசரியும் அந்தப் பக்கம்தான் சாயும்." நறுக் நறுக்.

பி.காம் படித்தவன் நான். அரை மணி நேரம் 25ஐ விடவில்லை. கடைசியில் கை கொடுத்தது, யாரும் எதிர்பார்க்காத வகையில், மாமியார்தான். "கோடை விழா சமயம்னா குப்பனூர் வழியா இறக்கி விடுவாங்களே, அப்ப தூரமே மாறிடுமில்ல?" கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் என் பக்கம் பேசியது இதுதான் முதல் தடவை. இன்னொரு இட்லியும் வைத்தார்.

அந்தத் தெம்பில் மச்சானுக்கு போன் போட்டேன். எட்டு மணிக்கு டிபனுக்கு வருகிறேன் என்றவன். அவனுக்காக எட்டு இட்லி ஹாட்பாக்ஸில் வேர்த்துக்கொண்டிருந்தது. மணி பத்தரை.

"வந்துட்டே இருக்கேன் மாமா, அஸ்தம்பட்டி சிக்னல்ல நிக்கறேன்."

அவனுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.