கேள்விக்குறிகளாக நின்ற டைரக்டரி

செய்தது சின்ன வேலைதான். பல மெஷின்களுக்கு நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வரை அணைத்து, கூடுதலாக ஒரு டிஸ்க் கன்ட்ரோலர் கார்டைச் செருகி, திரும்ப ஏற்றினோம். சர்வர் ஒழுங்காக எழுந்தது. பத்து நிமிடத்தில் போன். "அண்ணே, எல்எஸ் அடிச்சா எல்லாமே கேள்விக்குறியா வருது."

போய், கோப்புகளைப் பட்டியலிடும் அந்த எல்எஸ் கட்டளையை அடித்துப் பார்த்தேன். டைரக்டரியின் பெயர் மட்டும் இருக்கிறது. அனுமதி, உரிமையாளர், அளவு, தேதி வரவேண்டிய இடமெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள். மேலே ஒரு வரி: ஸ்டேல் ஃபைல் ஹேண்டில், அதாவது செல்லாமல்போன கோப்பு அடையாளம். சர்வரில் உட்கார்ந்து திறந்தால் அதே டைரக்டரி அப்படியே இருக்கிறது, ஒரு கோப்புகூடக் குறையவில்லை.

1980களில் சன் நிறுவனத்தார் என்எஃப்எஸ்ஸை வடிவமைத்தபோது, சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்ற கணக்கே அதனிடம் கிடையாது. அதனால்தான் சர்வர் விழுந்து எழுந்தாலும், கோப்பைக் கேட்கும் மெஷினான கிளையன்ட் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டு, பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எத்தனை வருடமானாலும் எனக்கு இது அழகாகத்தான் படுகிறது.

சர்வருக்கு ஞாபகம் இல்லையென்றால், கோப்பு எது என்பதை ஒவ்வொரு முறையும் கிளையன்ட்தான் சொல்ல வேண்டும். அந்த அடையாளச் சீட்டுதான் ஃபைல் ஹேண்டில். இரண்டாம் பதிப்பில் 32 பைட், 1995இல் வந்த மூன்றாம் பதிப்பில் 64 பைட் வரை. கிளையன்ட் அதைப் பிரித்துப் பார்க்காது. கொடுத்ததை வைத்திருந்து அப்படியே திருப்பிக் காட்டும். லினக்ஸ் சர்வர் அதற்குள் எந்த ஃபைல்சிஸ்டம், எந்த ஐநோட் (கோப்புக்கு டிஸ்க்கில் உள்ள பதிவு), அந்த ஐநோட்டின் ஜெனரேஷன் எண் (ஐநோட் வேறு கோப்புக்குப் போகும்போது மாறும் எண்) என்ன என்று எழுதிவைக்கிறது. ஜெனரேஷன் எண் இல்லாவிட்டால் ஆபத்து. அழித்த கோப்பின் ஐநோட் நாளை வேறொரு கோப்புக்குப் போகும். பழைய விலாசத்தில் புதுக் குடித்தனம் வந்தது தெரியாமல் கதவைத் திறந்து உள்ளே போன கதையாகிவிடும்.

எங்களுக்கு உதைத்தது முதல் பகுதி. அந்தப் பழைய சர்வர், ஃபைல்சிஸ்டத்தின் அடையாளத்தை டிஸ்க்கின் டிவைஸ் எண்ணிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. முந்தைய நாள் வரை அந்த டிஸ்க்கின் பெயர் எஸ்டிபி, எண் 8:16. புதுக் கார்டு உள்ளே வந்ததும் அது எஸ்டிசி, 8:32. கிளையன்ட்களின் கையில் இருந்த சீட்டெல்லாம் 8:16 என்றே சொல்லிக்கொண்டிருந்தன. எதையெல்லாம் பகிர்வது என்று சர்வரில் எழுதிவைக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் எஃப்எஸ்ஐடி (ஃபைல்சிஸ்டத்தின் அடையாளம்) என்று நாங்களே ஒரு எண்ணைக் கொடுத்திருந்தால் டிஸ்க் எந்த வரிசையில் ஏறினாலும் பிரச்சினை இருந்திருக்காது. அன்றிரவு அதைக் கொடுத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு மெஷினாக அந்தப் பகிர்வை அன்மவுண்ட் செய்து (கழற்றி), திரும்ப மவுண்ட் செய்தோம் (இணைத்தோம்). ஒரு பெண் மூன்று நாளாக ஓட்டிக்கொண்டிருந்த கணக்கீடு பாதியில் நின்றுபோனது. "டேட்டா பத்திரமா இருக்குங்க" என்றேன். "என் மூணு நாள் போச்சே சார்" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

நான்காம் பதிப்பில் சர்வர் ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தது: யார் திறந்திருக்கிறார், யார் பூட்டியிருக்கிறார், அதற்கான கெடுவான லீஸ் எப்போது முடிகிறது என்று. அடையாளச் சிக்கல் இப்போது கிளையன்ட் பக்கமும் வந்துவிட்டது. சில வருடம் கழித்து 4.1 பதிப்பில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து குளோன் செய்த மெஷின்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஹோஸ்ட்நேம். லினக்ஸ் கிளையன்ட் சர்வரிடம் தன்னை அந்தப் பெயரால்தான் அறிமுகப்படுத்திக்கொள்ளும். இரண்டாவது மெஷின் வந்து அதே பெயரைச் சொன்னதும், முதல் மெஷின்தான் ரீபூட் ஆகித் திரும்பியிருக்கிறது என்று நினைத்து, அது போட்டிருந்த பூட்டுகளையெல்லாம் சர்வர் கழற்றிவிட்டது. முதல் மெஷின் மீண்டும் வந்து பெயர் சொன்னால் இரண்டாவதன் பூட்டுகள் போயின. பாக்கெட்டுகளைப் பிடித்துவைத்து, இரு வேறு ஐபிக்களிலிருந்து ஒரே பெயர் வருவதைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

என்எஃப்எஸ்4_யுனிக்_ஐடி என்ற அமைப்பில் ஒவ்வொரு மெஷினும் முதன்முறை ஏறும்போதே தனக்கென ஒரு யுயுஐடியை (வேறெதற்கும் வராத அடையாள எண்) எழுதிக்கொள்ளும்படி டெம்ப்ளேட்டில் சின்ன ஸ்கிரிப்ட் சேர்த்தோம். பூட்டுகள் அதன்பிறகு நழுவவில்லை.