ஓட்டுப் போடப் போய் கணக்கு போச்சு

ஆறு வருஷம் விளையாடிச் சேர்த்த கேம் கணக்கு, நேற்று ராத்திரி பத்தே நிமிடத்தில் கைமாறிவிட்டது.

கல்லூரி நண்பன் ஐடியிலிருந்து மெசேஜ்: "மச்சி, எங்க டீம் டோர்னமெண்ட்ல இருக்கு, ஒரு ஓட்டுப் போடுடா." லிங்கைத் தட்டினேன். லாகின் ஜன்னல் திறந்தது. முகவரி சரியாக இருந்தது, பூட்டுப் படம்கூட இருந்தது. பாஸ்வேர்டு போட்டேன். போனுக்கு வந்த ஓடிபியையும் தாரை வார்த்தேன்.

அந்த ஜன்னலே பொய். பக்கத்துக்குள்ளேயே வரைந்து வைத்தது, முகவரிப் பட்டை உட்பட. நிஜ ஜன்னலென்றால் மவுஸால் பிடித்து பிரவுசருக்கு வெளியே இழுக்கலாம். இது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். 2022லேயே இந்த வித்தையைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான்தான் படிக்கவில்லை.

காலையில் மின்னஞ்சல், போன் நம்பர் எல்லாம் மாறியிருந்தன. கேமுக்குள் ஆயுதங்களுக்கு மாட்டும் அலங்காரத் தோற்றங்களான ஸ்கின்கள் காலி. நண்பனுக்குப் போன் போட்டால், "டேய், என் ஐடி போயே மூணு நாளாச்சு" என்கிறான். சொல்லித் தொலைத்திருக்கலாமே, பாவி!

பணம் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிக்கலாம். "ஆசையாக வாங்கின கத்தி ஸ்கின் போச்சு சார்" என்று யாரிடம் அழுவது? "கேம்தானே, விடுடா" என்கிறார் அம்மா.

அப்புறம், என் ஐடியிலிருந்து யாராவது ஓட்டுக் கேட்டால் அது நான் இல்லை.