மூக்குத்தியும் மாஸ்க்கும்: சிபேப் மெஷினோடு என் முதல் மூன்று மாதம்

2022 தீபாவளி லீவுக்குக் கோவையிலிருந்து வந்த என் மகள் ஒரு ராத்திரி என் பக்கத்தில் படுத்தாள். மறுநாள் காபி குடிக்கும்போது போனை நீட்டி, "இதைக் கேளும்மா" என்றாள். என் குறட்டை. கூச்சமாக இருந்தது, நிறுத்தச் சொன்னேன். "இனிமேதான் இருக்கு" என்றாள். குறட்டை சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு ஃபேன் சத்தம் மட்டும்தான். எவ்வளவு நேரம் என்று அவள் எண்ணி வைத்திருந்தாள்: 34 விநாடி. பிறகு தண்ணீருக்குள் முங்கி எழுந்தவள் போல ஓர் இழுப்பு, மறுபடியும் குறட்டை. "ராத்திரி முழுக்க இப்படித்தாம்மா. எப்ப மூச்சு வரும்னு பாத்துக்கிட்டே உட்காந்திருந்தேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

எனக்கு அப்போது 51 வயது. மதுரையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். நாலைந்து வருடமாகவே காலையில் எழுந்தால் தலை கனக்கும். ராத்திரி மூன்று, நான்கு முறை பாத்ரூம் போவேன். சர்க்கரையோ என்று மூன்று தடவை சோதித்தும் இல்லை. மதியம் ஐந்தாவது பீரியடில் போர்டில் எழுதிக்கொண்டே கண் சொருகும். ஒருநாள் காளவாசல் சிக்னலில் ஸ்கூட்டியில் நின்றபடியே தூங்கிவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரரின் ஹாரன்தான் எழுப்பியது. இதற்கெல்லாம் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். தைராய்டு, ரத்தம் கம்மி, மாதவிலக்கு நிற்கிற வயசு, வேலைச்சுமை. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான் என்பதால் நானும் அதற்கு மேல் தேடவில்லை.

குறட்டையை மட்டும் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. பொம்பளை குறட்டை விடுகிறாள் என்றால் நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். கல்யாண வீடுகளில் எல்லோரும் மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கும்போது, சமையல்கட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லி விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படிக்கிற பெண்களில் யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து அந்த ஒரு விஷயத்தை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் இந்த நோய்க்கு ஸ்லீப் ஏப்னியா என்று பெயர். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுகிறது. எங்களுக்கு அது பெரும்பாலும் அசதியாகவும் தலைவலியாகவும் தூக்கமின்மையாகவும் காட்டிக்கொள்வதால் பிடிபடாமலே போகிறது.

நுரையீரல் டாக்டர் முதலில் எட்டுக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, மதியம் சாப்பிட்டு உட்காரும்போது தூங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க் போட வேண்டும். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். எனக்கு 16. கழுத்தை டேப் வைத்து அளந்தார், வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தார், ராத்திரி தூங்க வைத்து மூச்சை அளக்கும் ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதிக்கொடுத்தார். வண்டி ஓட்டுவதை அன்றோடு நிறுத்தச் சொன்னார்.

ஸ்லீப் ஸ்டடிக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் தலைக்கு எண்ணெய். நான் வழக்கம்போல் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு போய் நின்றேன். ஒயர்கள் தலையில் ஒட்டவே இல்லை. ராத்திரி எட்டரை மணிக்கு அங்கேயே ஷாம்பு போட்டுக் குளித்து, ஈரம் காயும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தலையில், கண் ஓரத்தில், தாடையில், நெஞ்சில், காலில் ஒயர். நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், வயிற்றைச் சுற்றி இன்னொன்று. மூக்கடியில் சின்ன ட்யூப், விரலில் ஆக்சிஜன் கிளிப். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டுப் போங்கள், கிளிப் சரியாகக் காட்டாது. இத்தனையையும் மாட்டிக்கொண்டு எங்கே தூங்குவது என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேனாம்.

முடிவு வந்தது. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றதையும், மூச்சு குறைந்து ஆக்சிஜன் இறங்கியதையும் கூட்டி மணிக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். அதற்கு ஏஹெச்ஐ என்று பெயர். ஐந்துக்குக் கீழ் இருந்தால் சரி, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். எனக்கு 41. அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை. ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 73 சதவீதம் வரை இறங்கியிருந்தது. கணக்கு டீச்சர் என்பதால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் 41-ஐ ஏழு மணி நேரத்தால் பெருக்கிக்கொண்டே வந்தேன்.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி எழுப்பிவிடுகிறது. நமக்கு விழித்தது நினைவில் இருக்காது. இதற்காக டாக்டர் எழுதிக்கொடுத்த சிபேப் மெஷின் செய்வது ஒன்றே ஒன்றுதான்: காற்றை ஒரு அழுத்தத்தில் மூக்கு வழியாக அனுப்பி, அந்தப் பாதை ஒட்டாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. அது ஆக்சிஜன் மெஷின் இல்லை. வருவது நம் அறைக்காற்றுதான்.

மெஷினும் மாஸ்க்கும் சேர்த்து 52,000 ரூபாய் ஆயிற்று. எங்கள் மருத்துவக் காப்பீட்டில் இந்த உபகரணத்துக்குப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நகைச்சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினோம். மாத வாடகைக்கும் தருவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது என்றே இப்போது கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். பழைய மெஷினைக் கைமாற்றாக வாங்குவதென்றால் மாடலைச் சொல்லி டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். உள்ளேயிருக்கும் ஃபோம் உதிர்கிறது என்று 2021-இல் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றார்கள்.

இனி அந்த முதல் நான்கு ராத்திரி.

விற்பனைக்கு வந்தவர் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க்கைக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார வைத்து மாட்டிப் பார்த்து, "சரியா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி படுத்து மெஷினைப் போட்டதும் முதலில் மூச்சுத் திணறியது. காற்று போதவில்லை. தூங்கும்வரை அழுத்தத்தைக் குறைத்து வைக்க ராம்ப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது என் மெஷினில் 4-லிருந்து தொடங்கியது. பழகாதவர்களுக்குக் குறைவாக இருந்தால் இதமாக இருக்கும் என்று வைப்பார்கள் போல. எனக்கோ தலையணையால் முகத்தை அமுக்கின மாதிரி இருந்தது. அழுத்தம் ஏறிய பிறகு வேறு தொல்லை. மாஸ்க்கின் மேல்விளிம்பிலிருந்து காற்று கண்ணுக்குள் அடித்தது. பட்டையை இறுக்கினேன். கொண்டை பட்டையை மேலே தள்ளியது, இன்னும் இறுக்கினேன். மூன்றாம் நாள் மூக்குத்தண்டில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நான்காம் நாள் ஒரு மணிக்குக் கழற்றி வைத்து, பீரோவின் அடித்தட்டில் புடவைக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

அங்கேயே 19 நாள் கிடந்தது. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்பு ஹாலில் நான்தான் கண்காணிப்பு. ஜன்னலோரம் சாய்ந்து நின்றவள் அப்படியே கண்ணயர்ந்திருக்கிறேன். ஒரு பையன் அடிஷனல் ஷீட் கேட்டு நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து என் கையைத் தொட்டான். "டீச்சர், பேப்பர்" என்றான். அவன் முகத்தில் சிரிப்பில்லை, பயம்தான் இருந்தது. அன்று சாயங்காலமே டாக்டரைப் பார்க்கப் போனேன்.

அவர் திட்டவில்லை. மெஷினிலிருந்த கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். எத்தனை மணி நேரம் போட்டேன், எவ்வளவு காற்று கசிந்தது, எல்லாம் அதில் இருந்தது. "மெஷின் வேலை செய்யலைன்னு நெனச்சீங்களா? கசிவைப் பாருங்க. உங்க முகத்துக்கு இது ஆகாத மாஸ்க் டீச்சர்" என்றார். பிறகு அவர் சொன்ன கதை எனக்கு மறக்காது. 1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது, வாக்குவம் கிளீனரின் மோட்டாரைத்தான் காற்றுக்குப் பயன்படுத்தினாராம். அதுவரை இந்த நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் ஓட்டை போடுவதே வழி. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு நோயாளியின் மூக்குக்கும் தனித்தனியாக அச்செடுத்து மாஸ்க் செய்தார்களாம். "அன்னைக்கே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, காத்தைவிட மாஸ்க்தான் கஷ்டம்னு" என்றார்.

அங்கிருந்த டெக்னீஷியன் பெண் என்னைக் கட்டிலில் படுக்க வைத்தாள். மெஷினை முழு அழுத்தத்தில் ஓடவிட்டு, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, அதற்குப் பிறகே பட்டைகளைச் சரிசெய்தாள். படுத்தால் கன்னத்துச் சதை சரிந்து முகத்தின் வடிவமே மாறிவிடுகிறது. உட்கார்ந்து பார்த்த அளவு ராத்திரிக்கு உதவாது. மூன்று மாஸ்க் மாற்றிப் பார்த்தோம். மூக்கை மட்டும் மூடுகிற சின்ன சைஸ் பொருந்தியது. பட்டைக்கடியில் இரண்டு விரல் நுழைகிற அளவு தளர்வு இருக்கலாம் என்றாள். நான் இறுக்க இறுக்க ரப்பர் மடங்கிக் கசிவு கூடியிருக்கிறது! ராம்ப்பை 4-லிருந்து 7-க்கு டாக்டர் மாற்றினார். திணறல் அன்றே போயிற்று. இந்த எண்களை நாமாக மாற்றக்கூடாது, ஆனால் திணறுகிறது என்று சொன்னால் மாற்றித் தருவார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா, மூக்குத்தி இடிக்குது பாருங்க" என்றாள் அவள். எட்டுக்கல் பேசரி, கல்யாணத்தில் போட்டது. மாஸ்க்கின் விளிம்பு சரியாக அதன்மேல் உட்கார்ந்து இடைவெளி விட்டது. கழற்றுவதா என்று எனக்கே மனம் வரவில்லை, அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அத்தைக்கு 79 வயது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மூச்சுக்கு மேல மூக்குத்தியா, கழட்டு தாயி" என்றார். அடுத்த நாள் அவரே என்னை நகைக்கடைக்குக் கூட்டிப்போய், தோலோடு ஒட்டி நிற்கும் ஒற்றைக்கல் வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

இரண்டாம் தடவை நேராக ராத்திரியில் ஆரம்பிக்கவில்லை. சாயங்காலம் விடைத்தாள் திருத்தும்போது மாஸ்க்கை மட்டும் மாட்டிக்கொண்டு 20 நிமிடம் உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்து மெஷினையும் ஓடவிட்டேன். பிறகு ஞாயிறு மதியத் தூக்கம். அதன்பின்தான் ராத்திரி. முதலில் மூன்று மணி நேரம், பொங்கல் லீவில் நான்கரை. வாய் திறந்துகொண்டால் காற்று வாய்வழியே போய்க் காலையில் நாக்கு வறண்டு கிடந்தது. தாடைக்குக் கீழே கட்டும் துணிப்பட்டை பத்து நாள் போட்டதும் வாய் மூடிப் பழகிவிட்டது. மூக்கடைப்புக்கு உப்புநீர் ஸ்பிரே. வயிற்றில் காற்று போய் உப்புசம் ஒரு வாரம் இருந்து, ஒருக்களித்துப் படுக்கத் தொடங்கியதும் குறைந்தது. கொண்டையை விட்டுவிட்டுத் தளர்வாகப் பக்கவாட்டில் பின்னிக்கொள்கிறேன். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவாவிட்டால் எண்ணெய்ப்பசையில் மாஸ்க் வழுக்கும், எண்ணெய்க் குளியல் நாளில் இரண்டு முறை கழுவ வேண்டும்.

ஈரப்பதப் பெட்டிக்கு எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் நான்கே நாளில் வெள்ளையாகப் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான். இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற பேட்டரி தண்ணீரையே ஊற்றலாமா என்று என் கணவர் கேட்டார். மூச்சில் போவது, வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் மாஸ்க் ரப்பரைக் கழுவி நிழலில் காயப்போடுவேன். வீடு ரோட்டோரம் என்பதால் ஃபில்டர் இரண்டு வாரத்திலேயே சாம்பல் நிறமாகிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடும். பேட்டரியைத் தின்பது ஈரப்பதப் பெட்டியின் சூடுதான், அதை அணைத்துவிட்டால் விடியும்வரை தாங்குகிறது.

முதன்முதலாக முழுசாக ஆறு மணி நேரம் தூங்கியது ஜனவரி கடைசியில். எழுந்ததும் தலை கனக்கவில்லை. ராத்திரி ஒருமுறைகூட எழவில்லை என்பது பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. மூச்சு அடைபடும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் இழுவையில் இதயம் விரிந்து, சிறுநீரை அதிகமாக்கும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறதாம்; சர்க்கரை என்று பயந்தது அதைத்தான். இன்னொன்றும் நடந்தது. வருடக்கணக்கில் எனக்குக் கனவே வந்ததில்லை. அந்த வாரம் அம்மா வந்தார்கள், பழைய வீட்டுத் திண்ணையில் வெங்காயம் உரித்துக்கொண்டு. இறந்து ஒன்பது வருடம் ஆயிற்று. இழந்த கனவுத் தூக்கத்தை உடம்பு ஈடுகட்டிக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னார். எனக்கு அந்த விளக்கம் போதும், ஆனாலும் நான் அழுதேன்.

மாறாததையும் சொல்ல வேண்டும். எடை குறையவில்லை. பிரஷர் கொஞ்சம்தான் இறங்கியது, மாத்திரை அப்படியே தொடர்கிறது. ஒருநாள் மெஷின் இல்லாமல் படுத்தால் பழையபடிதான். இது நோயைக் குணப்படுத்துவதில்லை, போட்டிருக்கும்வரை தடுக்கிறது. மார்ச்சில் கார்டைப் பார்த்தபோது ஏஹெச்ஐ 2.8, சராசரி ஆறு மணி 20 நிமிடம். டாக்டர் சொன்ன பிறகு ஏப்ரலில் ஸ்கூட்டியை எடுத்தேன்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் என்னைவிட ஆறு வயது இளைய டீச்சர் ஒருவர், மதியம் டெஸ்கில் தலை கவிழ்ந்தே கிடப்பார். என் கதையைச் சொன்னபோது யாருக்கும் கேட்காத குரலில், "எனக்கும் உண்டு டீச்சர், வீட்ல சொல்லிச் சிரிப்பாங்க" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு ஸ்லீப் ஸ்டடி. தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் போகச் சொல்லியிருக்கிறேன். மாஸ்க் எடுக்கும் நாளில் நானும் கூடப் போகிறேன், கட்டிலில் படுக்க வைத்துப் பார்க்கச் சொல்ல.