அமுங்கிப்போன பஞ்சு

போன வாரம் என் பழைய ஸ்லீப்பிங் பேக்கின் தையலைப் பிரித்தேன். ஏழு வருடமாக மலையேற்றங்களுக்கு என்னோடு வந்த பை அது. கடைசிப் பயணத்தில் அதற்குள் படுத்தும் விடியும்வரை நடுங்கினேன். எங்கேயும் கிழிசல் இல்லை. காரணம் தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது.

உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு. கால் பக்கத்தில் இன்னும் பொசுபொசுவென்று இரண்டு விரல் கனம். மார்பு, தோள் பக்கமெல்லாம் அட்டை மாதிரி தட்டை. பிரிப்பதற்கு முன் எடை போட்டேன்: வாங்கியபோது இருந்த அதே ஒன்றரைக் கிலோ. இழை எங்கும் போகவில்லை, காற்றுதான் போய்விட்டது.

குளிரைத் தடுப்பது இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. அதன் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.026 வாட்/மீட்டர்·கெல்வின். தண்ணீருக்கு இது 0.6, பாலியெஸ்டரே காற்றைவிடப் பல மடங்கு கடத்தும். சும்மா விட்டால் காற்று சுழன்று சூட்டைக் கொண்டுபோய்விடும். இழைகள் அதை ஓடவிடாமல் பிடித்துவைக்கின்றன, உடம்பிலிருந்து கதிர்வீச்சாகப் போகும் சூட்டையும் மறிக்கின்றன. இழை மெல்லியதாக ஆக, அதே எடையில் காற்றைப் பிடித்துவைக்கும் பரப்பு கூடும். தின்சுலேட் என்ற செயற்கைப் பஞ்சில் இழையின் தடிமன் 15 மைக்ரான் (0.015 மில்லிமீட்டர்) அளவுதான், மெல்லிய கையுறைக்குள்கூட அது வேலை செய்வது அதனால்தான். நடுவில் துளையுள்ள இழைகளும் உண்டு. எடை குறைவு, அமுக்கினாலும் எழும்பிவிடும்.

வாத்துத் தூவி அடைத்த பை இதைவிட லேசானது, சூடும் அதிகம். ஆனால் நனைந்தால் கட்டிகட்டியாகச் சுருண்டுவிடும். 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக, நனைந்தாலும் கைவிடாத மாற்றாக பிரிமாலாஃப்ட் என்ற பாலியெஸ்டர் பஞ்சு உருவானது இந்தக் குறையால்தான். பாலியெஸ்டர் காற்றிலிருந்து இழுக்கும் ஈரம், தன் எடையில் 0.4 சதவீதம்தான். ஒருமுறை ஓடையில் வழுக்கி விழுந்தேன். பாலியெஸ்டர் பஞ்சு அடைத்த ஜாக்கெட்டைப் பிழிந்து அப்படியே போட்டுக்கொண்டு நடந்தேன், கொஞ்ச நேரத்தில் மார்பில் சூடு திரும்பிவிட்டது. அன்றிலிருந்து மழைக்காலத்தில் தூவிப் பையை எடுப்பதே இல்லை.

சரி, என் பை ஏன் இப்படி ஆனது? தவறு என்னுடையது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் சிறிய உறைக்குள் திணித்து, இறுக்கிக் கட்டி, மாதக்கணக்கில் பரணில் போட்டுவைத்தேன். மடங்கிய நிலையிலேயே கிடந்த இழைகள் பழைய வளைவுக்குத் திரும்பவில்லை. தலைப்பக்கத்தில் தொடங்கித் திணிப்பது என் வழக்கம். கால் பக்கம் உறையின் வாயருகே தளர்வாக நின்றது, அதனால் அது மட்டும் பிழைத்தது. தயவுசெய்து வீட்டில் இருக்கும்போது பையை விரித்தோ, பெரிய துணிப்பையில் தொளதொளவென்றோ வையுங்கள்.

தேறிய பஞ்சை வெட்டியெடுத்து ஒரு கையில்லாச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். நடுவே கோடு கோடாகத் தையல் போடவில்லை, ஊசி போகும் கோட்டில் பஞ்சு அமுங்கி அங்கே குளிர் நுழையும். ஓரங்களை மட்டும் பிடித்திருக்கிறேன். இன்னும் இடது தோள் பக்கம் பாக்கி.